ஏலமலையில் ஒரு வெள்ளைச் சுவர்

ஏலக்காய் நிழலை நாடும் பயிர். வெயில் நேரே விழுந்தால் அதன் இலை கருகிவிடும். ஆதலின் உடும்பஞ்சோலைப் பகுதியில் தோட்டம் வைத்திருப்போர் காட்டு மரங்களை நிறுத்தி வைத்து, கிளைகளை மட்டும் அளவாகக் கழித்து, அவற்றின் அடியில் செடியை வளர்க்கிறார்கள். செடிக்கு இதமான அந்த நிழலில்தான் செடியைப் பேணும் எங்கள் குடியிருப்பும் இருக்கிறது. ஆனி பிறந்தால் மழை; ஐப்பசி கார்த்திகையில் மீண்டும் மழை; மழை விட்ட நாட்களில் மூடுபனி. இவை போதாவென்று அடுப்பங்கரையில் விறகுப் புகை வேறு. உச்சிப் பொழுதிலும் விளக்கேற்றினால்தான் அரிசியில் கல் பொறுக்க முடியும் என்னும் வீடுகள் இங்கே பல உண்டு.

கீழே கம்பம் பள்ளத்தாக்கில் சுவருக்கு வெள்ளையடிப்பது வெயிலைப் புறந்தள்ளுவதற்காக. அகமதாபாத் நகரில் 2017-ஆம் ஆண்டு எளியோர் வாழும் வீடுகளின் கூரைகளுக்கு வெள்ளை பூசும் திட்டம் தொடங்கப்பட்டதும் அந்தக் காரணம் பற்றியே. எங்கள் மலையில் நிலைமை தலைகீழ். இங்கே வெயிலைத் தள்ள வேண்டிய தேவையில்லை. ஒற்றைச் ஜன்னல் வழியே நுழையும் சிறிதளவு வெளிச்சத்தைப் பிடித்து அறையெங்கும் பங்கிட வேண்டியிருக்கிறது. அந்த வேலையைச் சுண்ணாம்பைவிடக் குறைந்த செலவில் செய்யும் பொருள் வேறொன்று உண்டென்று நாங்கள் அறியோம். மின்விளக்கு மாதந்தோறும் காசு கேட்கும். சுவர் ஆண்டுக்கு ஒருமுறைதான் கேட்கும்.

நாங்கள் குடியிருப்பது லயத்தில். இரண்டு அறை, ஒரு திண்ணை, பின்புறம் அடுப்படி. 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் குடியிருப்புத் தருவதைத் தோட்டத்தாரின் கடமையாக வகுத்தது. அதனால் தலைக்கு மேல் கூரை கிடைத்தது. ஆனால் அந்தக் கூரை நமதன்று. வேலை உள்ளவரை வீடு. வேலை முடிந்தால் சாவியை ஒப்படைக்க வேண்டும். 1948-ஆம் ஆண்டின் ஆலைச் சட்டத்தில் ஒரு விதி இருந்தது: வெள்ளையடிக்கப்பட்ட ஆலைச் சுவருக்குப் பதினான்கு மாதங்களுக்குள் ஒருமுறையேனும் மீண்டும் வெள்ளையடிக்க வேண்டும் என்பது அது. இயந்திரம் நிற்கும் சுவருக்கு இவ்வளவு கண்டிப்பு. குழந்தை தூங்கும் சுவரைப் பற்றி நாங்கள்தான் கவலைப்பட வேண்டியிருந்தது.

சங்கக் கூட்டம் ஒன்றில் அன்பர் ஒருவர் இதைப் பற்றிக் கேட்டார்: "அடுத்தவன் சுவருக்கு நம் காசில் எதற்கு வெள்ளை? அந்தப் பணத்தில் ஊரில் இருக்கும் சொந்த வீட்டைப் பார்க்கலாமே?" கூடியிருந்தோரில் பாதிப் பேர் தலையசைத்தார்கள். கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. எங்களுக்கும் கம்பத்தை அடுத்த சிற்றூரில் ஓட்டு வீடு ஒன்று உண்டு. தை பிறக்கும் முன் அதற்கு வெள்ளையடித்தாக வேண்டும். இல்லையேல் ஊரார் பார்வையில் அந்தக் குடும்பமே இல்லை என்றாகிவிடும். இரண்டு கூலியில் இரண்டு வீட்டை நடத்துவோருக்குத்தான் அந்தக் கேள்வியின் கனம் தெரியும். ஏலக்காய் விலை சரிந்து, வேலை நாள் குறைந்த ஆண்டுகளில், ஒரு மூட்டைச் சுண்ணாம்பு எந்தச் சுவருக்கு என்பது எங்கள் வீட்டில் பல இரவுகள் பேசப்பட்ட செய்தி. அது எவ்வாறு முடிந்தது என்பதைச் சொல்லுமுன் சுண்ணாம்பைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறோம்.

சுண்ணாம்புக் கல்லைச் சூளையில் இட்டு ஏறத்தாழ 900 பாகை வெப்பத்தில் சுட்டால், கல்லில் அடைந்திருக்கும் கரியமிலவாயு வெளியேறிவிடுகிறது. 100 கிலோ தூய கல் போட்டால் 56 கிலோ சுட்ட சுண்ணாம்புதான் திரும்ப வரும். மீதி 44 கிலோ காற்றோடு போயிற்று. மதுரையில் ஒரு பகுதிக்குக் காளவாசல் என்று பெயர் வழங்குகிறது; காளவாசல் என்பது சூளையைக் குறிக்கும் சொல்லே. சுட்ட கட்டியை நீரில் இட்டால் கொதித்துப் பொங்கி மாவாகும். இதை நீற்றுதல் என்கிறோம், நீறாக்குவது நீற்றுதல். இந்த நீற்றிய சுண்ணாம்பைக் கரைத்துச் சுவரில் பூசினால், போன கரியமிலவாயுவைக் காற்றிலிருந்து சிறிது சிறிதாக அது திரும்பப் பெற்றுக்கொள்கிறது. வாரங்கள் செல்லச் செல்லச் சுவரின்மேல் மீண்டும் மெல்லிய கல்லாகவே இறுகுகிறது. ஆக, வெள்ளையடிப்பது சுவருக்கு நிறம் பூசுவது மட்டுமன்று. கல்லைக் கரைத்துச் சுவரில் மறுபடி கல்லாக்குவது.

இது பழைய வித்தை. சங்கப் பாட்டாகிய நெடுநல்வாடையில் அரண்மனைச் சுவருக்குச் சுதை பூசிய செய்தி வருகிறது. அதுவும் கூதிர்காலத்துக் குளிரைப் பாடும் பாட்டு என்பதை எண்ணும்போது எங்களுக்கு ஒரு மகிழ்ச்சி. செட்டிநாட்டு மாளிகைகளில் முட்டையின் வெண்கருவைச் சுண்ணாம்போடு சேர்த்து அரைத்துக் கண்ணாடி போல் இழைத்த சுவர்களை இன்றும் காணலாம். முட்டையைச் சுவருக்குக் கொடுக்கும் வசதி லயத்தில் இல்லை. பிள்ளைகளுக்குக் கொடுத்தாலே போதும்.

முன்பெல்லாம் கம்பத்திலிருந்துதான் கற்சுண்ணாம்பு கொண்டுவருவோம். இங்கேயே அதைவிட வெண்மையான சுண்ணாம்பு கிடைக்கும் என்பதை எங்களுக்குக் காட்டியவர் பக்கத்து நிலத்து மலையாளப் பெரியவர். அவர் குடும்பமும் கோட்டயம் பக்கத்திலிருந்து மலையேறி வந்த குடும்பந்தான். இந்த மலையில் குடியேறாதவர் என்று எத்தனை பேரைச் சொல்ல முடியும்? வேம்பநாட்டுக் காயலில் எடுக்கும் கிளிஞ்சலை அவர்கள் கக்கா என்பார்கள். அதைச் சுட்டால் 'நீற்றுக்கக்கா'. நம்முடைய நீற்றுதலும் அவர்களுடைய நீற்றும் ஒன்றே என்பதைக் காணும்போது இரு மொழியும் ஒரே முற்றத்தில் விளையாடியவை என்பது விளங்கும். பூசுவதற்குக் குழைத்த சுண்ணாம்பைக் கும்மாயம் என்கிறார்கள்.

நீற்றுக்கக்கா இங்கே உரக்கடைகளில் கிடைப்பதற்குக் காரணம் சுவரன்று, ஏலச்செடி. மழைக்காலத்தில் ஏலக்காயை அழுகல் நோய் தாக்கும். அதற்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோக் கலவையைத் தெளிப்பார்கள். 100 லிட்டர் நீருக்குத் துத்தம் ஒரு கிலோ, சுண்ணாம்பு ஒரு கிலோ. பிரான்சு நாட்டின் போர்டோப் பகுதியில், வழிப்போக்கர் திராட்சையைப் பறிக்காதிருக்கும் பொருட்டுக் கொடிகளில் தெளித்து வைத்த கலவை அது. தெளித்த கொடிகளில் நோய் குறைந்திருப்பதைக் கண்டு, 1885-ஆம் ஆண்டில் மில்லார்தே என்னும் அறிஞர் அதன் மருந்துக் குணத்தை வெளியிட்டார். திருட்டைத் தடுக்க வந்தது நோயைத் தடுத்தது. சுண்ணாம்பு அதே வேலையைச் சுவரிலும் செய்கிறது. அதன் காரம் மிகக் கடுமையானது. புதிதாக வெள்ளையடித்த சுவரில் பூஞ்சணம் எளிதில் பிடிப்பதில்லை. ஆறு மாதம் ஈரத்தில் நிற்கும் வீட்டுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

இனிச் செய்முறை. தகர டிரம்மில் முதலில் நீரை ஊற்றி, பிறகு கட்டிகளைச் சிறிது சிறிதாகப் போட வேண்டும். பிளாஸ்டிக் வாளியில் நீற்றலாகாது. சூட்டில் வாளி இளகிவிடும். நீற்றும்போது பிள்ளைகளை வாசலுக்கு அப்பால் அனுப்பிவிடுங்கள். ஒரு துளி கண்ணில் தெறித்தாலும் பார்வைக்கே கேடு. தெறித்துவிட்டால் கசக்காமல், ஓடும் நீரில் கால்மணி நேரத்திற்குக் குறையாமல் கழுவிக்கொண்டே இருந்து, உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். அடிக்கிறவர் தலையில் துணியும் கண்ணுக்கு மலிவான கண்ணாடியும் அணிவது வெட்கமன்று.

நீற்றியதை இரண்டு மூன்று நாள் ஊறவிட்டு, பழைய வேட்டியில் வடிகட்டி, பால் போல நீர்க்கக் கரைத்துக்கொள்ள வேண்டும். ஊரில் ஒட்டுவதற்காக அரிசிக் கஞ்சி சேர்ப்பார்கள். மலையில் நாங்கள் அதைச் சேர்ப்பதில்லை. கஞ்சி பூஞ்சணத்துக்கு விருந்து வைத்தாற்போல் ஆகும். உப்புச் சேர்ப்பாரும் உளர். உப்பு ஈரத்தை இழுக்கும். கருவேலம் பிசினை வெந்நீரில் கரைத்துச் சேர்த்தால் போதும். சலவைக்குப் போடும் நீலம் ஒரு சிட்டிகை. கூடினால் சுவர் வெளுக்காமல் நீலம் பாரிக்கும்.

சுவரைத் தயார் செய்வதுதான் பெரும்பாடு. அடுப்படிச் சுவரிலுள்ள கரியைத் தேங்காய் நாரும் சோப்பு நீரும் கொண்டு தேய்த்துக் கழுவாமல் அடித்தால், எத்தனை பூச்சுப் பூசினாலும் மஞ்சளாக ஊறி வெளிவரும். பழைய எண்ணெய்ப் பெயிண்டின்மேல் சுண்ணாம்பு நில்லாது. சுரண்டியே ஆக வேண்டும். சுவரை நீர் தெளித்து நனைத்த பின்பே மட்டையை எடுக்க வேண்டும். காய்ந்த சுவர் நீரை உறிஞ்சிக்கொண்டால் சுண்ணாம்பு இறுகாமல் மாவாகி, சாய்ந்தவர் சட்டையில் ஒட்டும். இராமக்கல்மேட்டுப் பக்கம் குடியிருப்போருக்கு இது நன்கு தெரியும். அங்கே வீசும் காற்று ஈரத்தை நொடியில் பறித்துவிடும். அதற்கு மாறாக, மழை விட்டு மூடுபனி மட்டும் நிற்கும் மார்கழி நாள் வெள்ளையடிக்க உகந்தது. மெதுவாகக் காய்வதால் நன்றாக இறுகும்.

முதன்முதலாக அடிப்போர் ஒன்றைக் கண்டு மனம் தளர்வதுண்டு. ஈரமாக இருக்கும்போது சுண்ணாம்பு வெளுப்பாகவே தோன்றாது. வெறும் நீரைப் பூசினாற்போல் இருக்கும். அதைக் கண்டு கெட்டியாகப் பூசினால் காய்ந்தபின் செதில் செதிலாக உதிரும். மெல்லிய பூச்சாக மூன்று முறை. ஒன்று காய்ந்தபின் மற்றொன்று. முதல் பூச்சு மேலும் கீழுமாக என்றால் அடுத்தது இடமும் வலமுமாக. மறுநாள் காலை எழுந்து பார்க்கும்போது சுவர் தானாகவே வெளுத்திருக்கும்.

எங்கள் இரண்டு அறைக்கும் திண்ணைக்கும் சேர்த்து 20 கிலோவுக்குள் அடங்கிவிடும். ஒரு நாள் கூலியில் சுண்ணாம்பு வந்துவிடும். அதே சுவருக்குப் பெயிண்டு என்றால் ஒரு வாரக் கூலியும் போதாது. விலை ஒருபுறம் இருக்க, ஈரச் சுவருக்கு எது பொருந்தும் என்பதும் உண்டு. எங்கள் வரிசையில் ஒரு குடும்பத்தார் 2017-இல் மகள் திருமணத்தை முன்னிட்டுப் பளபளப்பான பெயிண்டு அடித்தார்கள். கண்ணைப் பறிக்கும் அழகு. அடுத்த ஆடியில் 2018-ஆம் ஆண்டின் பெருமழை. 26 ஆண்டுகளாகத் திறவாத செறுதோணி அணையின் மதகுகளை ஆகஸ்டு 9-ஆம் நாள் திறந்தார்களே, அந்த மழை. சுவருக்குள் புகுந்த நீர் வெளியேற வழியின்றிப் பெயிண்டுக்கு அடியில் கொப்புளம் கொப்புளமாக எழுந்து, பின் தோல் உரிந்தது. பெயிண்டின் மீது குற்றமில்லை. உலர்ந்த சுவருக்கு அது நல்லதே. எங்கள் சுண்ணாம்புச் சுவரும் அந்த மழையில் கறுத்துத்தான் போயிற்று. ஆனால் அது மூச்சுவிடும் சுவர். தை மாதம் காய்ந்தது. தேய்த்துக் கழுவி மறுபடி அடித்தோம்.

இப்போது எந்தச் சுவருக்கு என்னும் கேள்விக்கு வருவோம்.

2020-ஆம் ஆண்டு மாசி மாதம் அப்பத்தா எங்களிடம் வந்தார். பிள்ளைகளுக்கு அப்பத்தா, அவர்கள் வழக்கப்படி நாங்களும் அப்படியே அழைக்கிறோம். இரு கண்ணிலும் புரை முற்றியிருந்தது. சில நாள் எங்களோடு இருந்துவிட்டுத் தேனிக்குச் சென்று அறுவை செய்துகொள்வது என்பது ஏற்பாடு. பங்குனியில் நாடெங்கும் முடக்கம் வந்தது. மார்ச்சு 25 முதல் போடிமெட்டும் கம்பம்மெட்டும் குமுளியும் எல்லாம் அடைபட்டன. பள்ளத்தாக்கின் விளக்குகள் மலை விளிம்பிலிருந்து கண்ணுக்குத் தெரிந்தன, போகத்தான் வழியில்லை. பல்லாண்டு தனியே தம் வீட்டை ஆண்டவர், பழக்கமில்லாத லயத்தின் இருட்டில் சுவரைத் தடவித் தடவி நடந்தார். சித்திரையில் ஒரு விடியற்காலை, திண்ணைப் படியில் கால் வைத்த இடம் தெரியாமல் சரிந்தார். நல்வேளையாக எலும்புக்கு ஒன்றுமில்லை. ஆனால் அன்றுமுதல் கட்டிலைவிட்டு இறங்க அஞ்சினார். நடக்கிற மனிதர் நடையை விட்டால் என்ன ஆகும் என்பதை நாங்கள் வேறு முதியோரிடம் கண்டிருக்கிறோம்.

அந்த ஆண்டு தைக்கு முன் வெள்ளையடித்தது ஊர் வீட்டுக்கு மட்டுமே. லயத்திற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தோம். கம்பத்துக்குப் போக வழியில்லாத நிலையில், மலையாளப் பெரியவர்தான் நெடுங்கண்டத்து உரக்கடை திறந்திருப்பதாகச் சொல்லி, தம் தோட்டத்துக்கு வாங்கியதோடு எங்களுக்கும் நீற்றுக்கக்கா வாங்கிவந்து தந்தார். "அம்மச்சி நடக்கட்டே" என்றார். பணத்தை மழை முடிந்தபின் வாங்கிக்கொண்டார்.

சித்திரையில் பொங்கலுக்கு அடிப்பதைப்போல் அடித்தோம். ஆனால் அழகை மட்டும் கருதி அடிக்கவில்லை. சுவர் முழுதும் வெள்ளை. கதவு நிலைகளை மட்டும் கருமையாகவே விட்டோம், வாசல் எங்கே என்பது மங்கிய கண்ணுக்கும் தெரியட்டும் என்று. படிகள் கருங்கல்லானவை, அவற்றின் விளிம்பில் நான்கு விரல் அகலத்துக்குச் சுண்ணாம்புக் கோடு இழுத்தோம். குழாயடிக்குப் போகும் வழியில் இருபுறமும் உருண்டைக் கற்களை அடுக்கி அவற்றையும் வெளுத்தோம். மழைக்குக் கரைந்தால் மறுநாள் மட்டையை எடுப்பது மகளின் வேலை. நான்காம் நாள் காலை, பனி விலகாத நேரத்தில், அப்பத்தா எவர் கையையும் பற்றாமல் படியிறங்கினார். "கோடு வெள்ளையாத் தெரியுதப்பா, காலு தானா எறங்குது" என்றார். அந்தச் சொல்லைக் கேட்டபின் அந்தச் சுவர் யாருடையது என்ற வழக்கு எங்கள் வீட்டில் மறுபடி எழவில்லை.

ஒளியும் கூடிற்று. மகள் தொலைபேசியில் பாடம் கேட்ட காலம் அது. ஜன்னலை விட்டு உள்ளே தள்ளி அமர்ந்தும் புத்தகம் படிக்க முடிந்தது.

சுவர் வெளுத்தபின் மற்றவை தாமே பின்தொடர்ந்தன. அவற்றுக்கு ஆன செலவு சொற்பம். கிழிந்த வேட்டிகளின் நல்ல பகுதியை வெட்டித் திரைச்சீலை தைத்தோம். ஒரு எச்சரிக்கை: வெள்ளைத் திரை மார்கழியிலிருந்து சித்திரை வரைதான். ஆனியில் கழற்றி மடித்துவிடுங்கள். இல்லையேல் கரும்புள்ளி விழும், எந்த நீலத்துக்கும் அது போகாது. சுவரின் அடியில் ஒரு முழ உயரத்துக்குக் காவி அடித்தால் சேறு தெறித்தது தெரியாது. கோயில் மதிலுக்குச் செம்பட்டை இடும் நம் வழக்கம் இங்கே சிக்கனத்துக்கும் உதவுகிறது. முற்றத்துக் கோலம் பனியில் நனைந்துவிடும். ஆகவே திண்ணையின் சிவப்புச் சிமெண்டுத் தரையில் அரிசி மாவால் சிறியதாக இடுகிறோம். வாசற்படிக்கு வெளியே ஒரு கோடு சுண்ணாம்புத் தூள் தூவினால், அடுத்த மழை வரும்வரை அட்டை உள்ளே வரத் தயங்கும். மலையில் கோலத்துக்கு இத்தகைய பயனும் உண்டு என்பதைச் சமவெளிச் சகோதரிகள் நம்ப மறுக்கிறார்கள்.

வெள்ளைப் பூவுக்கு எங்கும் போக வேண்டுவதில்லை. மாசி பங்குனியில் ஒரு மழை விழுந்தால், காப்பிச் செடி ஒரு வாரத்தில் கிளை முழுதும் வெளுத்து, மல்லிகையின் மணத்தை வாசல் வரை அனுப்புகிறது. பறித்து ஜாடியில் வைக்கக் கூடாது. அது அடுத்த ஆண்டுக் காய்.

அந்த ஆண்டின் இறுதியில் வழி திறந்தபின் அப்பத்தா தேனியில் ஒரு கண்ணுக்கு அறுவை செய்துகொண்டு ஊர் போய்ச் சேர்ந்தார். பார்வை தெளிந்ததும் அவர் முதலில் கேட்டது, ஊர் வீட்டுப் படிக்கும் அந்த வெள்ளைக் கோடு. "கண்ணு தெரியுதே, இப்ப எதுக்கு?" என்றதற்கு, "எனக்கில்லடா, பக்கத்து வீட்டுக் கெழவிக்கு" என்றார். அன்றுதொட்டு மார்கழியில் வாங்கும் மூட்டையைப் பங்கிடுகிறோம். பன்னிரண்டு கிலோ லயத்திற்கு. எட்டு கிலோ, தொழிலாளரை ஏற்றி வரும் ஜீப்பில் மாலையில் திரும்பும்போது, கம்பம்மெட்டு வழியாக ஊருக்கு இறங்குகிறது. ஊர் வீட்டில் முன்சுவருக்கும் படிக்கும் மட்டுமே அது போதும். பின்சுவர் கறுத்துத்தான் கிடக்கிறது. அப்பத்தா அதைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை.